புகையில்லாமல் ஓடிய காலை

என் கொழுந்தன் அதை வீட்டுக்குக் கொண்டுவந்த மத்தியானம் நான் அடுப்படியில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். சென்னையிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுவந்திருக்கிறான். சாக்கைப் பிரித்து, பழைய பேப்பரை விரித்து, பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி என் முன்னால் வைத்தான். பெரிய நத்தை ஒன்று இரும்பில் சுருண்டு கிடப்பது போல இருந்தது. அதன் வாய்க்குள்ளே சின்னச் சின்ன இறக்கைகளோடு ஒரு சக்கரம். "ஊதிப் பாருங்க அண்ணி" என்றான். மீன் கையோடு குனிந்து ஊதினேன். சக்கரம் சத்தமே இல்லாமல் சுற்றத் தொடங்கியது. நான் ஊதுவதை நிறுத்திய பிறகும் சுற்றிக்கொண்டிருந்தது. ஜன்னல் வெளிச்சம் அந்த இறக்கைகளில் பட்டுப் பட்டு மறைவதைப் பார்த்துக்கொண்டு இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். நெத்திலியில் பாதியைப் பூனை தூக்கிக்கொண்டு போனதைக் குழம்பு வைக்கும்போதுதான் கவனித்தேன்.

அதற்குப் பெயர் டர்போ. இன்ஜினிலிருந்து வெளியே போகிற சூடான புகை ஒரு பக்கத்துச் சக்கரத்தைச் சுழற்றும். அந்த வேகத்தில் மறுபக்கத்துச் சக்கரம் வெளிக்காற்றை வாரி இன்ஜினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் சின்ன இன்ஜினுக்கும் பெரிய இன்ஜினின் பலம் வந்துவிடுமாம். "வீணாப் போற புகையிலேர்ந்தே பலம் வருது அண்ணி" என்று கண்கள் மின்னச் சொன்னான். "உங்க அண்ணன் வாயிலேர்ந்துகூட நாள் முழுக்கப் புகை வருது தம்பி, அதுல ஏதாவது ஓடுமா பாரு" என்றேன். சிரித்துச் சிரித்து அவனுக்குப் புரையேறிவிட்டது.

நான் குமராட்சிப் பக்கம், நெல் விளைகிற வீட்டுப் பெண். சிதம்பரத்தில் ஒரு டிராவல்ஸில் வேலை பார்த்த காலத்தில் மனதுக்குப் பிடித்த ஒருவரைக் கட்டிக்கொண்டு, கடலூர் துறைமுகத்தை ஒட்டிய மீனவர் தெருவுக்கு வந்து சேர்ந்தேன். வேலையை விடவில்லை, தினமும் பஸ்ஸில் சிதம்பரம் போய் வந்தேன். மாமியார் இல்லாத வீடு. என் கணவர் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் தூங்குவார். மிச்சம் இருந்தவர்கள் மாமனாரும் கொழுந்தனும். இருவரும் இன்ஜின்காரர்கள். ஆனால் ஒருவரோடு ஒருவர் இன்ஜின் பேசுவதில்லை.

மாமனாரைப் பற்றித் துறைமுகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒரு விசைப்படகு முகத்துவாரத்தில் நுழையும்போதே, அதன் புகையைப் பார்த்து, சத்தத்தைக் கேட்டு, உள்ளே எது சரியில்லை என்று கரையில் உட்கார்ந்தபடி சொல்லிவிடுவார். படகு டீசல் இன்ஜினில் கறுப்புப் புகை வந்தால் டீசல் அதிகம் என்று அர்த்தம். டீசல் அதிகமானால் சூடு அதிகம், செலவும் அதிகம். பம்ப்பின் தலையில் இருக்கும் ஸ்க்ரூவை ஒரு திருகு தளர்த்தி அதைக் குறைத்துவிடுவார். புகை மெலிந்து, வெறும் காற்றாகி, இன்ஜின் குளிர்ந்து ஓடும். இதற்காகவே அவரைத் தேடிப் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வருவார்கள். சுனாமி அலை வந்த அன்று அவருடைய படகு சவுக்குத் தோப்புக்குள் போய்க் கவிழ்ந்து கிடந்தது. முழங்காலும் அன்றைக்குப் போனதுதான். அதற்குப் பிறகு அவரிடம் மிஞ்சியது அந்தக் கையும் காதும் மட்டும்தான்.

அந்தப் படகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேற்றி 2008 கோடையில் தண்ணீரில் இறக்கும் நிலைக்குக் கொண்டுவந்திருந்தார். மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் படகு கடலுக்குப் போகும். இளையவன்தான் அதற்கு டிரைவர். இதை அவர் யாரையும் கேட்டு முடிவு செய்யவில்லை. கொழுந்தனுக்கோ கடல் வேண்டாம். அந்த அலைக்குப் பிறகு, படகில் ஏறினால் கரை மறைவதற்குள் அவனுக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். அதை அப்பாவிடம் சொல்ல அவனுக்கு வெட்கம். என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தான். துறைமுகத்துப் பட்டறையில் டீசல் இன்ஜின்களைப் பிரித்துக்கொண்டே, பழைய சின்ன பெட்ரோல் கார் ஒன்றை வாங்கி, வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் நிறுத்தி வைத்திருந்தான்.

வழி காட்டியவள் என்று சொன்னால் அது நான்தான். எங்கள் டிராவல்ஸுக்கு ஆண்டுதோறும் மே மாதம் சென்னையிலிருந்து ஒருவர் வருவார். குடும்பத்தோடு நடராஜரைத் தரிசிக்க வருகிறவர். பந்தயக் கார்களுக்கு இன்ஜின் கட்டித் தருகிற பெரிய பட்டறை வைத்திருப்பவர். நாங்கள் பிடித்துக் கொடுத்த லாட்ஜின் ரூம் சாவியை அவரிடம் கொடுக்கும்போதே கொழுந்தனைப் பற்றிச் சொல்லிவிட்டேன். எனக்கு வாய் நீளம் என்று எங்கள் வீட்டில் எப்போதும் ஒரு புகார் உண்டு. அன்று அது உபயோகப்பட்டது. "சரிம்மா, அடுத்த தடவ வரும்போது பாக்கலாம். டர்போ போட்டு, கடலூர்லேர்ந்து சிதம்பரம் வரைக்கும் ஓட்டிட்டு வந்து நிறுத்தச் சொல்லு. இன்ஜின் உசுரோட வந்துச்சுன்னா பையன என்கூட அனுப்பிடு" என்றார். ஆக, 2008 மே மாதத்துக்குள் கார் சிதம்பரம் போய்ச் சேர்ந்தால் சென்னைப் பட்டறை. சேராவிட்டால் படகு. கொழுந்தனின் வாழ்க்கை அந்த இரண்டு ஊர்களுக்கு நடுவில் இருந்தது.

காற்றைத் திணிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை என்று சீக்கிரமே எனக்கும் புரிந்துவிட்டது. கஷ்டமெல்லாம் பெட்ரோலில்தான். ஊதாங்குழலால் அடுப்பை ஊதினால் விறகு சீக்கிரம் தீர்ந்துபோகிறது இல்லையா, அந்த மாதிரி, காற்று கூடக் கூட பெட்ரோலும் அதே கணக்கில் கூட வேண்டும். குறைந்தால் வண்டி நின்றுபோகும் என்றுதான் நினைத்தேன். "நின்னா பரவால்லியே அண்ணி. உள்ள பிஸ்டனே உருகிப் பூடும்" என்றான். எரிக்கிற பொருள் குறைந்தால் எப்படிச் சூடு கூடும் என்று நான் விடவில்லை. என் உள்ளங்கையை நீட்டச் சொல்லி, கொஞ்சம் பெட்ரோலை ஊற்றினான். ஐஸ் வைத்தது போலச் சில்லென்று ஏறி, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காற்றில் கரைந்துபோனது. "பாத்தீங்களா, எரியறதுக்கு மட்டும் இல்ல, குளுமைக்கும் இதான். டர்போ போட்டா கொஞ்சம் ஜாஸ்தியாவே குடுக்கணும். அந்த ஜாஸ்தி எரியாது. பிஸ்டன் சூட்ட வாங்கிக்கினு வெளிய பூடும். டீசல்ல கொறச்சா நல்லது, இதுல கொறச்சா சாவு." வேப்பம்பூ உதிர்ந்துகொண்டிருந்தது. கையில் அந்தக் குளிர்ச்சியோடு நான் வெகுநேரம் விரல்களை விரித்து விரித்து மூடிக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது.

இதெல்லாம் மாமனார் காதில் விழவில்லை. பானட்டைத் திறக்கும் சத்தம் கேட்டாலே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு துறைமுகத்துக்குக் கிளம்பிவிடுவார். அந்தக் காரை ஒரு நாளும் அவர் தொட்டதில்லை. மரத்தடிக்குப் போக வேண்டியிருந்தால்கூடச் சுற்றிக்கொண்டுதான் போவார்.

முதலில் காரில் இருந்த பெட்ரோல் பம்ப்பையே நம்பினான். சவுக்குத் தோப்பு ரோட்டில் கொஞ்சம் மிதித்ததும் உள்ளே கூழாங்கல்லைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்குகிற சத்தம். உடனே காலை எடுத்துவிட்டான். இன்ஜினுக்குள் தீப்பொறி போடுகிற பிளக்கைக் கழற்றிக் காட்டினான். நுனி சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. பெட்ரோல் பற்றவில்லை என்று அர்த்தமாம். மறுபடி சென்னை போய்ப் பெரிய வண்டியின் பம்ப் ஒன்றை வாங்கி வந்தான். பெட்ரோல் குழாயின் நடுவில் சின்ன டப்பி ஒன்றைப் பொருத்தினான். டர்போவிலிருந்து ஒரு மெல்லிய ரப்பர் குழாய் அதற்குப் போகும். காற்றின் அழுத்தம் ஏற ஏற அந்த டப்பி பெட்ரோலின் அழுத்தத்தையும் தானாக ஏற்றிக் கொடுக்கும். எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது டப்பியின் தலையில் இருந்த ஒரு ஸ்க்ரூ. அதைக் கால் திருகு, அரைக்கால் திருகு என்று மாற்றி மாற்றி வாரக்கணக்கில் ஓட்டினோம். ஓட்டினோம் என்று நான் சொல்வதில் தப்பில்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து காற்றழுத்த முள்ளைப் பார்த்துச் சொல்கிற வேலை என்னுடையது. ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலங்களில் ஒரு பக்கம் கடலின் உப்புக் காற்றும் மறுபக்கம் முந்திரித் தோப்பின் வாசனையுமாக அந்த ரோடு முழுவதும் எங்களுடையதாக இருந்தது. முள் மேலே ஏறும்போது முன்னால் எங்கேயோ யாரோ மெல்லிசாகச் சீட்டி அடிப்பது போல டர்போ கூவும். வயல்காட்டில் பிறந்த எனக்கு அந்தச் சத்தம் ஏனோ வடக்கே போகிற நாரைக் கூட்டத்தை நினைவுபடுத்தியது. கல்யாணத்துக்குப் பிறகு நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அந்தச் சாயங்காலங்களில்தான். என் கணவர் இதைப் படிக்க மாட்டார், தூங்கிக்கொண்டிருப்பார்.

கடைசியில் ஒரு நாள் பிளக் நுனி வறுத்த கொத்தமல்லி விதையின் நிறத்துக்கு வந்தது. கொழுந்தன் என்னிடம் நகப்பூச்சு கேட்டான். கல்யாணத்துக்கு வாங்கிய சிவப்பு இருந்தது. ஸ்க்ரூவின் தலையிலிருந்து கீழே இருக்கும் நட்டு வரைக்கும் ஒரே கோடாக இழுத்தான். யாராவது திருகினால் கோடு உடைந்துவிடும், அதற்கான அடையாளம் அது. ஒரே ஒரு குறை, வண்டியை நிறுத்தி வைத்து முடுக்கினால் பின்னால் கொஞ்சம் கறுப்புப் புகை வந்தது. அது அந்தக் கூடுதல் பெட்ரோலின் புகை. பாதுகாப்புக்காக அவன் வேண்டுமென்றே விட்டது. தெருவில் போகிற வருகிற மீனவர்கள் எல்லாரும் அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். "அப்பன் பேரு துறைமுகம் பூரா, புள்ள வண்டி பாரு என்னா கறுப்பு" என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். மாமனார் காதிலும் அது விழுந்திருக்க வேண்டும்.

சென்னைக்காரர் வந்துவிட்டார் என்று தெரிந்த மறுநாள் விடிந்ததும் கிளம்பினோம். கொழுந்தன் இன்ஜினைச் சூடாகட்டும் என்று போட்டுவிட்டுக் குளிக்கப் போனான். நான் உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தேன். பின்பக்கம் இன்ஜின் ஏறி இறங்கி ஏறி இறங்கி உறுமுவது கேட்டது. கொழுந்தன்தான் ஏதோ பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். டீயை எடுத்துக்கொண்டு வந்தபோது மாமனார் குழாயடியில் சோப்புத்தூள் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "பாத்துப் போய்ட்டு வாங்கம்மா" என்றார். அந்தக் காரைக் குறித்து அவர் சொன்ன முதல் வார்த்தை அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கொழுந்தனிடம் சொன்னேன், அவன் நம்பவில்லை.

அந்தப் பயணம் இப்போதும் எனக்குக் கனவில் வருகிறது. கார் அப்படி ஒரு நாளும் ஓடியதில்லை. தொழிற்சாலைகளின் நெடியைத் தாண்டி ஆலப்பாக்கம் வந்ததும் வெயில் மஞ்சளாகச் சரிந்து ரோட்டில் விழுந்தது. நிலக்கடலைக் காடுகளின் மேல் பனி மாதிரி ஏதோ மிதந்துகொண்டிருந்தது. டர்போவின் சீட்டி முன்னைவிடத் தெளிவாக, மெல்லிசாகக் கேட்டது. "என்னா அண்ணி, இன்னிக்கி இவ்ளோ லேசாப் போவுது!" என்றான் கொழுந்தன். கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். புகையே இல்லை. ரோடு துடைத்த மாதிரிச் சுத்தமாக இருந்தது. நல்ல சகுனம் என்று நான் சொன்னேன். அவனும் அன்றைக்கு இருந்த மிதப்பில் அப்படித்தான் எடுத்துக்கொண்டான். ஜன்னல்கள் திறந்திருந்தன, காற்றின் இரைச்சலில் வேறு எந்தச் சத்தமும் எங்களுக்குக் கேட்கவில்லை. புதுச்சத்திரம் எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரியவில்லை. சென்னையில் தங்க இடம், முதல் மாதம் யார் வீட்டுச் சாப்பாடு, எல்லாம் பேசிக்கொண்டே போனோம்.

வெள்ளாற்றுப் பாலத்துக்குச் சற்று முன்னால் பலாப்பழ லாரி ஒன்று எங்களுக்கு முன்னே போனது. அதைத் தாண்டுவதற்காக அன்று முதல் தடவையாகக் கொழுந்தன் காலை முழுதாக அழுத்தினான். முள் எகிறியது, சீட்டி உயர்ந்தது, பலாப்பழ வாசனை கார் முழுக்க நிறைந்தது. அடுத்த நொடி, பானட்டுக்குக் கீழே யாரோ சம்மட்டியால் அடித்தது போல ஒரு சத்தம். பின்னால் நீலமும் வெள்ளையுமாகப் புகை. பலம் முழுவதும் வடிந்து, உருண்டு உருண்டு, பாலத்தின் ஆரம்பத்தில் போய் நின்றோம். கீழே ஆற்றில் தண்ணீர் ஒரு ஓரமாக நெளிந்துகொண்டிருந்தது.

கொழுந்தன் பானட்டைத் தூக்கினான். வேறெதையும் பார்க்கவில்லை, நேராக அந்த டப்பியைப் பார்த்தான். பிறகு என்னைக் கூப்பிட்டான். நகப்பூச்சுக் கோடு இரண்டாக உடைந்திருந்தது. ஸ்க்ரூவின் தலையில் இருந்த பாதி நன்றாக விலகி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. நட்டு மறுபடியும் பக்குவமாக முடுக்கப்பட்டிருந்தது. தெரிந்த கை செய்த வேலை. ஏறி இறங்கிய உறுமலும் குழாயடியில் தேய்த்த கையும் எனக்கு ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தன. கறுப்புப் புகையைப் பார்த்திருக்கிறார். மகன் ஊர் சிரிக்கப் போகக் கூடாது என்று நினைத்திருக்கிறார். படகில் செய்வதைத் தன் வாழ்நாள் முழுக்கச் செய்த அதே கையால் செய்து வைத்திருக்கிறார். "மாமா கை வச்சிருக்கார்" என்றேன். "தெரியுது அண்ணி" என்றான்.

நான் போன் செய்ததும் சென்னைக்காரர் பெரிய மனதோடு தன் காரிலேயே பாலத்துக்கு வந்துவிட்டார். பிளக்கைக் கழற்றச் சொல்லி வெயிலில் பிடித்துப் பார்த்தார். நுனி வெளுத்து, அதன் மேல் அலுமினியம் பொரிப் பொரியாக ஒட்டியிருந்தது. "பிஸ்டன் உருகி ஓட்டை விழுந்திருக்கு. பெட்ரோல் பத்தல தம்பி. மத்த வேலை எல்லாம் ரொம்ப நல்லாப் பண்ணியிருக்க. இத இவ்ளோ குறைச்சலா யாரு செட் பண்ணது?" என்று அந்த டப்பியைத் தொட்டுக் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். கொழுந்தன் எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டான்.

"நான்தான் சார்."

அவர் டப்பியிலிருந்து கையை எடுத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று எனக்கு இருந்தது. "டர்போவுல முதல் பாடமே இதானப்பா. இத விட்டவன நான் எப்படி ரேஸ் இன்ஜின் கிட்ட விடறது? இன்னும் நல்லாக் கத்துக்க" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். அதோடு முடிந்தது. அடுத்த வருடம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வருடம் நான் டிராவல்ஸ் வேலையை விட்டுவிட்டேன்.

அந்தப் பலாப்பழ லாரிக்காரர்தான் கயிறு கட்டிக் காரை ரோட்டோரப் பட்டறை வரைக்கும் இழுத்துவிட்டார். பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "வீட்டுக்குப் போனதும் நான் கேக்கப் போறேன். ஒரு வார்த்த சொல்லாம எப்படிக் கை வைக்கலாம்? உன் வாழ்க்கையில்ல போச்சு?" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். கொழுந்தன் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டிருந்தான். "வேணாம் அண்ணி. அவுருக்குத் தெரிஞ்சா இனிமே எந்த இன்ஜின் மேலயும் கை வைக்க மாட்டாரு. அப்பறம் என்னா இருக்குது அவுருகிட்ட?" பிறகு, "அந்த வண்டிய ஒரு தடவ கூடத் தொட்டதில்ல. இன்னிக்கி எனக்காகத் தொட்டுருக்காரு" என்றான். அதைச் சொல்லும்போது அவன் குரலில் இருந்ததை வருத்தம் என்று மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை. எனக்கு அழுகைதான் வந்தது.

வீட்டு வாசலில் மாமனார் நின்றிருந்தார். எங்களோடு கார் வரவில்லை என்பதைப் பார்த்ததும் அவர் முகம் விழுந்துபோனது. "என்னாடா ஆச்சி?" "பழைய டர்போப்பா. வெள்ளாத்துக்கிட்டப் பூட்டுது." அவர் மகனுடைய தோளில் கையை வைத்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அப்படி அவர் கை வைத்து நான் பார்த்ததே இல்லை.

தடைக்காலம் முடிந்ததும் கொழுந்தன் படகேறினான். முதல் சில மாதங்கள் கரைக்கு வந்து இறங்கும்போது அவன் சட்டை முதுகெல்லாம் நனைந்திருக்கும். கடல் தண்ணீர் என்பான். நான் நம்புகிற மாதிரி இருப்பேன். பிறகு மெல்ல மெல்லப் பழகிக்கொண்டான், அல்லது பழகியதாக எங்களுக்குக் காட்டக் கற்றுக்கொண்டான். இன்றுவரை எது என்று அவனிடம் கேட்டதில்லை.

2012 தடைக்காலத்தில் ஒரு நாள் சாப்பாடு எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போனேன். வானமும் கழிமுகமும் ஒரே வெள்ளி நிறமாக இருந்த முற்பகல். படகில் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. புகை கறுத்துப் போய்க்கொண்டிருந்தது. அதைச் சரி செய்யக் கொழுந்தனுக்குத் தெரியாதா? ஆனாலும் ஒவ்வொரு தடைக்காலத்திலும் இதே கதைதான். "அப்பா, புகை கொஞ்சம் ஜாஸ்தியாத் தெரியுது, வந்து பாருங்க" என்று கரையில் இருந்தவரைக் கூப்பிட்டான். இரண்டு பேர் பிடித்துக்கொள்ள மாமனார் படகில் ஏறினார். இன்ஜின் அறையில் குந்தி உட்கார்ந்து, கண்ணை மூடிச் சத்தத்தைக் கேட்டு, ஸ்க்ரூவை ஒரு திருகு தளர்த்தினார். புகை மெலிந்து மெலிந்து காற்றோடு காற்றாகிப் போனது. கூலிக்கு வந்திருந்த புது ஆட்கள் வாயைப் பிளந்தார்கள். அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"இவன்கூட ஒரு காருக்கு டர்போ வச்சான். ஒரே கறுப்புப் புகை. விடியக்காலம் இவனுக்குத் தெரியாம நான்தான் கொறச்சி வுட்டேன். இல்லன்னா ஆலப்பாக்கத்தக்கூடத் தாண்டியிருக்காது. வெள்ளாறு வரிக்கும் போச்சில்ல?" என்று மகனைப் பார்த்தார்.

இத்தனை வருடத்தில் அவர் இதை வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். கொழுந்தன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தான். என்னைப் பார்க்கவில்லை.

"ஆமாம்பா" என்றான். "அன்னிக்கி ஓடின மாதிரி அது என்னிக்குமே ஓடுனதில்ல."